காலையில் மூன்று வினாடி மட்டும் கேட்கும் சத்தம்: கோத்தகிரி வாசகியின் கேள்விக்குப் பதில்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றும் அவர், பூர்விகத் தேயிலை நிலத்தில் தமக்கு வந்த பங்குப் பணத்திலிருந்து 16 லட்சம் ரூபாய் கொடுத்து, கோவையில் பழைய கார் விற்கும் வணிகர் ஒருவரிடம் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் வாங்கியிருக்கிறார். 2011-ஆம் ஆண்டு வண்டி. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். ஆறு கியர் மேனுவல். 61,000 கிலோமீட்டர் ஓடியது. பெயரைச் சொன்னாலே ஊரில் யாருடைய வண்டி என்று தெரிந்துவிடும் என்பதால், வண்டியின் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மார்கழிக் குளிர் தொடங்கியதிலிருந்து, காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, சலங்கையைத் தகரப் பெட்டிக்குள் போட்டு உலுக்குவது போல மூன்று வினாடி ஒரு சத்தம் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது, வளைவு முடிந்து நாலாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கண்ணாடி வளையல்கள் உரசுவது போன்ற மெல்லிய சத்தம் ஒன்றும் கேட்கிறது. உள்ளூர் மெக்கானிக் 'டேப்பட் சத்தம்தான், கெட்டியான ஆயில் ஊற்றினால் போய்விடும்' என்கிறார். கோவையில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் வண்டியைக் கேட்டுப் பார்த்துவிட்டு, 'பிரமை மேடம்' என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று ஆறரை லட்சத்துக்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் விற்றுவிடலாம் என்பது கணவரின் யோசனை. மலையின் காற்றழுத்தக் குறைவால் வரும் சத்தமா, எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்திலேயே உருட்டி மேட்டுப்பாளையம் கொண்டுபோகலாமா, விற்றவரிடம் ஏதேனும் கேட்க உரிமை உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'பிரமை' என்று சொன்னவர், முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சூடான எஞ்சினைக் கேட்டிருக்கிறார். அந்த நிலையில் நீங்கள் சொல்லும் சத்தம் வரவே வராது. குன்னூரில் இருபத்தாறு ஆண்டுகளாக வாகனப் பொறியாளராகவும் காப்பீட்டு மதிப்பீட்டாளராகவும் இருந்து வருகிறேன். ஒரே வண்டியை நாள்தோறும் ஓட்டுபவரின் காதுக்கு ஈடான கருவியை எந்தப் பட்டறையிலும் நான் பார்த்ததில்லை. நீங்கள் கேட்டது உண்மை. அது எப்போது கேட்கிறது, எத்தனை வினாடி கேட்கிறது என்பதை நீங்கள் குறித்து வைத்திருப்பதால்தான், வண்டியைப் பார்க்காமலே என்னால் இவ்வளவு எழுத முடிகிறது.

அடுத்ததாக ஒரு வேண்டுகோள். கீழே சொல்லும் சோதனைகள் முடியும்வரை அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி இறங்கிவிடுமே என்று கவலைப்பட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதும் வேண்டாம். உங்கள் எஞ்சினுக்கு ஆபத்தான நேரம் ஓடும் நேரம் அன்று. ஸ்டார்ட் ஆகும் அந்த முதல் வினாடிகள்தான்.

சத்தம் வரும் நேரமே பாதி விடை

எஞ்சின் சத்தத்தைக் கண்டறிய வருகிறவர்கள் பெரும்பாலும் 'எப்படி இருக்கிறது' என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது 'எப்போது வருகிறது' என்பதைத்தான். எஞ்சின் சுற்று கூடக் கூட ஏறி, குறையக் குறைய இறங்கினால் அது எஞ்சினையோ அதன் பெல்ட், புல்லிகளையோ சார்ந்தது. எஞ்சின் சுற்று எப்படியிருந்தாலும் வண்டியின் வேகத்தோடு மட்டும் மாறினால் சக்கர பேரிங்கையும் டயரையும் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்தவுடன் தோன்றினாலோ மறைந்தாலோ கிளட்ச் பேரிங்கையும் கியர்பாக்ஸையும் பார்க்க வேண்டும். உங்களுடைய முதல் சத்தம் இரவு முழுவதும் நின்ற எஞ்சினில், மூன்று வினாடி மட்டும் வருகிறது. ஆயில் பம்ப் அழுத்தத்தை எழுப்பி மேலே கொண்டுசேர்க்க ஏறத்தாழ அந்த அளவு நேரம்தான் ஆகும். ஆகவே ஆயில் வந்து சேரும்வரை தளர்ந்து கிடந்து, வந்தவுடன் விறைத்துக்கொள்ளும் ஏதோ ஒன்றுதான் சத்தமிடுகிறது. உங்கள் எஞ்சின் போன்றவற்றில் நான் முதலில் சந்தேகப்படுவது டைமிங் செயினின் டென்ஷனரை.

எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்கையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளையும் இணைப்பது டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒரு பல்கூடத் தவறக் கூடாது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வருவதற்குள் அது விலகியாக வேண்டும். செயின் சில பற்கள் தாவிவிட்டால், திறந்திருக்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதும். அந்தச் செயின் தொய்வில்லாமல் இருக்க அதன் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருப்பதே டென்ஷனரின் வேலை. கட்டைவிரல் அளவேயான பாகம் அது. எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதன் பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. எஞ்சின் நின்றபின் அந்தப் பிஸ்டன் உள்ளே போய்விடாமல், ரம்பப் பல் போன்ற சிறு கொக்கி ஒன்று பிடித்துக்கொள்கிறது. கொக்கி தேய்ந்தாலோ உடைந்தாலோ, நிற்கும் நேரமெல்லாம் செயின் தொய்ந்து கிடக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் அந்தத் தொய்ந்த செயின் மூடியிலும், அதை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடுகளிலும் அடித்துக்கொள்ளும். உங்கள் சலங்கைச் சத்தம் பெரும்பாலும் அதுதான்.

அபூர்வமான குறையும் அன்று இது. ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் வந்த இஏ888 எஞ்சினின் தொடக்ககால மாதிரிகளிலும், மினி கூப்பர் எஸ் வண்டியின் என்14 எஞ்சினிலும் டென்ஷனர் தளர்வது உலகெங்கும் அறியப்பட்ட குறை. இரண்டுக்கும் பிற்பாடு திருத்தப்பட்ட பாகங்கள் வந்தன. பெயர் பெற்ற வண்டிக்கு இப்படி ஆகுமா என்று நீங்கள் வருந்தியிருப்பதால் இதைச் சொல்கிறேன். விலை உயர்ந்த வண்டிகளிலும் இத்தகைய பலவீனப் புள்ளி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பராமரிப்பதே நம் கையில் இருப்பது.

இதே மூன்று வினாடிச் சத்தத்தை வேறிரண்டு காரணங்களும் எழுப்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயில் ஃபில்டரிலோ அதன் கூட்டிலோ, இரவில் ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. தரமற்ற ஃபில்டரில் அது சரியாக மூடாது. மேலே ஏற வேண்டிய ஆயில் முழுவதும் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்கிவிட, காலையில் நல்ல டென்ஷனரும் சத்தமிடும். விற்பதற்கு முன் அவசரமாக ஒரு மலிவு ஃபில்டரை மாட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்கலாம். அப்படியிருந்தால் உங்களுக்குச் செலவு மிகக் குறைவு. கேம் தண்டின் முனையில், வால்வு திறக்கும் நேரத்தை முன்பின் நகர்த்தும் அமைப்பின் பூட்டு தேய்ந்திருப்பது மற்றொரு காரணம். எஞ்சினையே மாற்றச் சொல்வதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாக விலக்கியிருக்க வேண்டும். அந்த ஆறரை லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் எந்தச் சோதனையின் முடிவும் எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மலையில் வண்டி நிறுத்தும் பழக்கம்

நம் மலைக்கே உரிய ஓர் ஆபத்து இதில் உண்டு. ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியர் என்று ஓட்டுநர் பள்ளியில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்ல வண்டிக்கு அது சரியான பாடமே. ஆனால் இரண்டு விதத்திலும், வண்டி ஓர் அங்குலம் நழுவினாலும் சக்கரம் எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். அப்போது செயினின் இழுபடும் பக்கம் மாறி, முழு விசையும் டென்ஷனர் மீது விழுகிறது. கொக்கி உடைந்த டென்ஷனர் அதைத் தாங்காமல் உள்ளே போய்விடும். ஸ்டார்ட் செய்யாமலே செயின் பல் தாவிவிடக்கூடும். உங்கள் வீட்டு முகப்பு சரிவானது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே நாலு பேரை அழைத்து, ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கைப் பிடித்தபடி, நியூட்ரலில் மெல்லத் தள்ளிச் சமதளத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அங்கே ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வைத்து, கியர் போடாமல் நிறுத்துங்கள். சமதளமே இல்லையென்றால் தள்ளவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே நாலு சக்கரங்களுக்கும் கல் வைத்து, வண்டி அசையாது என்று உறுதி செய்தபின் கியரை எடுங்கள்.

மெல்லிய காற்றும் கெட்டியான ஆயிலும்

மலைக் காற்றைப் பற்றிய உங்கள் எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ நாலில் மூன்று பங்குதான். கோத்தகிரியில் ஐந்தில் நான்கு பங்கு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தி இழக்கும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் உங்களுடைய டர்போ அதை ஈடுகட்டக் கூடுதல் வேகத்தில் சுழல்வதால் விசில் ஒலி சற்றுக் கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் இரும்போடு இரும்பு அடிக்கும் சத்தத்தைக் காற்று உண்டாக்காது. குளிருக்கு மட்டும் இதில் பங்கு உண்டு: குளிர்ந்த ஆயில் மெதுவாக ஏறும், அதனால்தான் முன்பு கேட்காதது மார்கழியில் கேட்கிறது.

கெட்டியான ஆயில் யோசனையை நான் ஏற்காததற்குக் காரணமும் அதுவே. உங்கள் மெக்கானிக் சொல்லும் 20டபிள்யூ-50 பழைய எஞ்சின்களுக்கு நன்றாக உழைத்த ஆயில்; அவர் தம் அனுபவத்திலிருந்து நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்ற மெல்லிய ஆயில்களுக்காக வடிவமைக்கப்பட்ட எஞ்சினில், அதிகாலைக் குளிரில் அந்தக் கெட்டி ஆயில் இன்னும் தாமதமாகவே டென்ஷனரை எட்டும். மூன்று வினாடி ஐந்தாகும். சூடானபின் சத்தம் அடங்கினாற்போல் தோன்றி, குறை மட்டும் உள்ளே வளரும். உங்கள் எஞ்சினில் வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தமே சரிசெய்து கொள்வதால், கையால் திருகிச் சரிசெய்ய 'டேப்பட்' என்று ஒன்று இல்லை.

ஏற்றத்தில் வரும் வளையல் ஒலி

இதை நான் தனிச் சிக்கலாகவே பார்க்கிறேன். குறைந்த சுற்றில், உயர்ந்த கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வரும் மெல்லிய கிணுகிணுப்பு பெரும்பாலும் நாக்கிங். பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்பே சிலிண்டருக்குள் வெடிக்கிறது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், குறைந்த சுற்றில் பெரும் சுமை கொடுக்கும்போது இது கடுமையான வடிவம் எடுத்து, பிஸ்டனையே உடைத்த நிகழ்வுகள் உண்டு. அதைத் தடுப்பதற்கென்றே அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) தர வரிசையில் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரங்கள் வந்தன. அடுத்த முறை ஆயில் வாங்கும்போது டப்பாவில் 'எஸ்பி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு உங்கள் வண்டியின் கையேடு கேட்கும் தர எண்ணும் இருக்க வேண்டும். பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் எந்த ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) என்று அச்சிட்டிருப்பார்கள்; அதற்குக் குறையாமல் நிரப்புங்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நாலாவது கியரிலேயே ஏறுவது மலைக்காரர்கள் பலருக்கும் கைவந்த பழக்கம். உங்கள் எஞ்சினுக்கு அது மிச்சமில்லை. வளைவுக்கு முன்பே மூன்றுக்கோ இரண்டுக்கோ இறக்கி, சுற்றை ஏறவிட்டு எடுங்கள். கியரை இறக்கியும் அதே ஒலி வந்தால், எக்ஸாஸ்ட் குழாயை மூடியிருக்கும் தகட்டின் திருகு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கைமுட்டியால் தட்டினாலே அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போவது

வேண்டவே வேண்டாம், சகோதரி. உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்த வரி இதுதான். எஞ்சினை அணைத்துவிட்டால், பிரேக்குக்கு வலுக்கூட்டும் வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்குக்குக் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும். முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட இறக்கத்தில், எஞ்சின் பிடிமானம் சிறிதும் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால், கீழே போவதற்குள் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எதிரே பேருந்து ஏறி வரும் வளைவில் இந்த நிலையில் உங்களை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு செயினுக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

தட்டையான மேடை உள்ள ரெக்கவரி வண்டியை வரவழையுங்கள். உங்கள் காப்பீட்டில் சாலையோர உதவி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் செலவு குறையும். வண்டி தாழ்வானது என்பதை முன்கூட்டியே சொல்லி, ஏற்றும்போது அடியில் கொடுக்க நீளமான பலகைகள் கொண்டுவரச் சொல்லுங்கள். மேடையிலும் கியரில் நிறுத்தாமல், நாலு சக்கரங்களையும் பட்டையால் கட்ட வேண்டும்.

பட்டறையில் கேட்டுப் பெற வேண்டியவை

வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்து, அந்தத் தாளை அச்சிட்டு வாங்குங்கள். பி0016 என்ற குறியீடு இருந்தால், கிராங்குக்கும் கேமுக்கும் இடையிலான பொருத்தம் விலகியிருக்கிறது என்று பொருள். குறியீடு எதுவும் இல்லையென்றாலும் கேம் தண்டின் விலகலைப் பாகைக் கணக்கில் காட்டச் சொல்லலாம். செயின் நீண்டிருந்தால் அதில் தெரியும். சில எஞ்சின்களில் கீழ் மூடியில் உள்ள சிறு அடைப்பானை எடுத்தால், டென்ஷனர் பிஸ்டன் எத்தனை படி வெளியே வந்திருக்கிறது என்று விளக்கடித்துப் பார்த்துவிடலாம்; எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஆயிலை வடிக்கும்போது நீங்கள் அருகில் இருங்கள். பழைய ஃபில்டரை அறுத்து விரித்துக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் எஃகு, ஒட்டாமல் மினுங்குவது பெரும்பாலும் அலுமினியம். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற சத்தத்தோடு வந்த ஒரு வண்டியின் சம்பைக் கழற்றியபோது, ஆயில் உறிஞ்சும் வலையில் பழுப்பு நிறத்தில் பாக்குச் சீவல் போல ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன். செயின் கைடின் பிளாஸ்டிக் துண்டுகள். அந்த உரிமையாளரும் ஆறு மாதமாகச் சத்தம் கேட்கிறது என்று சொல்லி வந்தவர்தான். நல்லவேளையாக வால்வுகள் வளைவதற்கு முன் வந்துவிட்டார். வண்டி இன்றும் ஓடுகிறது.

டென்ஷனர்தான் என்று உறுதியானால், அதை மட்டும் மாற்றாமல் செயின், கைடுகள், மூடியின் சீல், வலை ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலிதான் இதில் பெரும் பகுதி. அதை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். வால்வுகள் வளைந்தபின் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. காப்பீடு இதற்குக் கைகொடுக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான வாகனக் காப்பீட்டில் விலக்கப்பட்டவை.

விற்றவரிடம் உங்களுக்குள்ள உரிமை

'எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது' என்று வணிகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் பலம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம் என்பதால் கோவைக்கு அலைய வேண்டியதில்லை, உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். ஆனாலும் உறுதியான வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். பதினான்கு ஆண்டு பழைய வண்டியில் தேய்மானம் இயல்பு என்று எதிர்த்தரப்பு வாதிடும். விற்ற நாளிலேயே குறை இருந்தது, அது அவருக்குத் தெரியும் என்பதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே பிரிப்பதற்கு முன் வணிகருக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். கழற்றிய பாகங்களை உறையிலிட்டு, தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. நான் சொல்வது பொறியாளரின் அனுபவம் மட்டுமே.

உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். செலவைக் கண்டு அவர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கடிதத்தை எழுதிய கணத்திலிருந்து குறை உங்களுக்குத் தெரிந்த ஒன்று. தெரிந்ததை மறைத்து விற்பது, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் மோசடி என்றே வருகிறது. வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அதைவிட, அடுத்து வாங்குபவர் இந்த மலையில் யாரோ ஒருவராக இருப்பார். ஓர் ஏற்றத்தில் அவருடைய எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விற்பதில் தவறில்லை. ஸ்கேன் தாளைக் கையில் கொடுத்து, விலையைக் குறைத்து விற்கலாம். அல்லது பழுது பார்த்து, ரசீதோடு விற்கலாம். இரண்டாவது வழியில் உங்களுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது என் கணிப்பு. பழுது பார்த்தபின் நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினாலும் எனக்கு மகிழ்ச்சியே.

சமதளத்துக்கு வண்டி வந்துவிட்டதா என்பதை முதலில் தெரிவியுங்கள். ஸ்கேன் தாளின் படத்தையும், அறுத்த ஃபில்டரின் படத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்; அதற்காக மீண்டும் ஒரு முறை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.